வெறும் வயிற்றில் வந்த நோயாளி

தெரிந்தவர்களில் நாற்பது வயது தாண்டிய ஒருவரை நோயாளியாகப் பிராக்டிகலுக்கு அழைத்து வர வேண்டும் என்று நர்சிங் பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள். தாட்சாயணி அதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னாள். சொன்ன நிமிஷத்திலிருந்து இரும்புலியூர் அரிகிருஷ்ணன் வீட்டில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அரிகிருஷ்ணனைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அவருடைய தாத்தா நெல் விளைவித்தார். அப்பா பிளாட் விளைவித்தார். இவர் வாடகை விளைவிக்கிறார். ஜி.எஸ்.டி. ரோட்டில் குழாயும் குழாய் சார்ந்த பொருட்களும் விற்கும் ஒரு கடை, தெரு நலச் சங்கத்தின் தலைவர் பதவி, மைக் கிடைத்தால் ஒரு தமிழ், கிடைக்காவிட்டால் வேறொரு தமிழ். இவைதான் அவருடைய சொத்து விவரம்.

அவருடைய மனைவி தாட்சாயணி, பிளஸ் டூ முடித்து நர்சிங் சேர விண்ணப்பம் வாங்கிய அதே வாரத்தில் பெண் பார்க்கப்பட்டவள். இருபத்தைந்து வருஷம் கடைக் கல்லாவில் உட்கார்ந்தாள். இப்போது நாற்பத்து மூன்று வயதில், மகள் அனுப்பிரியா விண்ணப்பத்தைக் கொண்டு வந்து கையில் திணிக்க, சேலையூரில் ஒரு சின்னப் பயிற்சிப் பள்ளியில் நர்சிங் உதவியாளர் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். அரிகிருஷ்ணன் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. எதிர்க்க நேரமில்லாமல் இருந்தார். ஆனால் தெருவில் மட்டும், "வீட்டம்மா மெடிக்கல் லைன்ல இறங்கியிருக்காங்க" என்று ஒரு போடு போட்டு வைத்தார். அதிலிருந்து எதிர்வீட்டு குப்புராஜ் தினமும் காலையில் நாக்கை நீட்டிக் காட்டி அபிப்பிராயம் கேட்கிறார்.

போன வாரம்தான் வீட்டில் ஓர் ஒப்பந்தம் போடப்பட்டது. இந்த முதல் பிராக்டிகலில் பாஸானால் திங்கட்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரி வார்டில் பயிற்சி. ஃபெயிலானால் அடுத்த குழு வரும் வரை காத்திருக்க வேண்டும். "காத்திருக்கறதெல்லாம் கெடையாது. ஃபெயிலானா திங்கக்கெழம கல்லாவுல உக்காரணும்" என்றார் அரிகிருஷ்ணன். தாட்சாயணி சரி என்று சொல்லிவிட்டாள். சொன்னதிலிருந்து தூக்கத்தில்கூட விரலை மணிக்கட்டில் வைத்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நோயாளி வேண்டும்.

"குப்புராஜ் அங்கிள கூட்டிட்டுப் போம்மா" என்றாள் அனுப்பிரியா. "சும்மாதானே இருக்கார்."

அரிகிருஷ்ணன் கையிலிருந்த ரசம் சோற்றைத் திரும்பத் தட்டில் விட்டார். "இன்னாது? குப்புராஜா? அவன் கையப் புடிச்சி இவ பாக்கறதா?"

"பிரஷர் பாக்கறதுப்பா. கையப் புடிக்கறது இல்ல."

"ரெண்டும் ஒண்ணுதான். குடும்பத் தலைவன்னு ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் வூட்ல கீறான். நானே வர்றேன்."

கேட்டுச் சந்தோஷப்பட வேண்டிய மகளுக்கு முகம் மாறியது. "நீங்க வேணாம்ப்பா."

"இன்னாத்துக்கு வேணாம்?"

"இல்ல... கடை இருக்கு. அப்புறம் அங்க மாடி ஏறணும். லிஃப்ட் இல்ல."

"எங்கப்பா தொண்ணூறு வயசுல பனமரம் ஏறனாரு. எங்க வம்சத்துல ஒருத்தன் மாத்திர முழுங்கினது கெடையாது. எனக்கு மாடி ஒரு பேஜாரா?"

அனுப்பிரியா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ரசத்தைப் பார்த்தார். தாட்சாயணி இருவரையும் பார்க்கவில்லை. அவளுக்குப் பரீட்சை இருந்தது.

மறுநாள் காலை அரிகிருஷ்ணன் தயாரான விதம் தேர்தலுக்கு மனு தாக்கல் செய்யப் போகிறவரைப் போலிருந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கரை வேட்டி, கையில் தங்கக் காப்பு, நெற்றியில் முழு நீளத் திருமண். அவரைப் பொறுத்தவரை டெஸ்ட் என்பது டெஸ்ட். அதில் நல்ல மார்க் வாங்க வேண்டியது டெஸ்ட் எடுத்துக்கொள்பவரின் பொறுப்பு. ரத்தப் பரிசோதனை நிலையங்களின் வாசலில் 'வெறும் வயிற்றில் வரவும்' என்று எழுதிப் போட்டிருப்பதை அவர் பல வருஷமாகப் பார்த்திருக்கிறார். ஆகவே தாட்சாயணி நான்கு இட்லியைத் தட்டில் வைத்துவிட்டுச் சீருடை மாற்றிக்கொள்ள உள்ளே போன நேரத்தில், இட்லி நான்கும் ஜன்னல் வழியாகத் தெரு நாய்க்குப் போய்ச் சேர்ந்தன. காபி வாஷ் பேசினுக்குப் போனது. தண்ணீர்கூட ஒரு வாய்க்கு மேல் குடிக்கவில்லை. மார்க் குறைந்துவிடக் கூடாது.

திரும்பி வந்த தாட்சாயணி காலித் தட்டைப் பார்த்தாள். திருப்தியாக எடுத்துக் கழுவினாள்.

காரில் தாம்பரம் மேம்பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றபோது, மடியில் நோயாளி விவரத் தாளை வைத்துக்கொண்டு நிரப்ப ஆரம்பித்தாள். நோயாளியிடம் கேட்டு நிரப்ப வேண்டிய தாள். கால் நூற்றாண்டாகக் கூடவே இருக்கும் நோயாளியிடம் என்னத்தைக் கேட்பது? வயது நாற்பத்தொன்பது. காலை உணவு நான்கு இட்லி, காபி. உடல் உபாதைகள் இல்லை. மாத்திரைகள் இல்லை. தூக்கம், குறட்டையுடன். கடைசியைப் பிறகு அடித்துவிட்டாள்.

கேட்காததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. முதல் கேள்வியே, நோயாளியைப் பெயர் சொல்லி அழைத்து, அவர்தானா என்று உறுதி செய்துகொள்வது. தாட்சாயணி கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடக் கார்டைத்தான் நீட்டுவாள். வகுப்பில் பொம்மையை வைத்துப் பழகியபோது, "வணக்கம் சார், உங்க பேரு அரி..." வரை வந்து இருமல் வந்துவிடும்.

"கண்டுக்காம விட்டுடுவாங்க ஆன்ட்டி" என்று சினேகா தைரியம் சொல்லியிருந்தாள். சினேகாவுக்குப் பதினெட்டு வயது. வகுப்பில் எல்லோருக்கும் ஏறக்குறைய அதே வயது. தாட்சாயணிக்கு அவள் செல்போனில் படம் காட்டி எலும்புகளின் பெயர் சொல்லிக் கொடுக்கிறாள். பதிலுக்குத் தாட்சாயணியின் டப்பாவிலுள்ள வத்தக்குழம்பு சினேகாவுக்குப் போகிறது. ஒழுங்கான வியாபாரம்.

பள்ளி இரண்டாவது மாடியில். கீழ்த்தளத்தில் பிரியாணிக் கடை. பதினொரு மணிக்கு அங்கே முதல் அண்டாவின் தம் உடைக்கப்படும். முந்தின நாள் ராத்திரிக்குப் பிறகு ஒன்றும் சாப்பிடாத அரிகிருஷ்ணன், அந்த வாசனையினூடே படியேறினார். முதல் மாடியில் நின்றார். சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை முழுவதும் படிப்பவரைப் போல் நின்றார். அங்கே அறிவிப்பு ஒன்றும் இல்லை.

"இன்னாங்க, மூச்சு வாங்குதா?"

"மூச்சா? கட்டடத்தப் பாக்கறேன். பைப் லைன் சரியில்ல."

மேலே போனதும் பெண்கள் பட்டாளம் எழுந்து நின்று வணக்கம் சொன்னது. முப்பது பேர் எழுந்து நிற்பதைப் பார்த்தால் அரிகிருஷ்ணனுக்குத் தமிழ் மாறிவிடும். "அன்பார்ந்த செவிலியச் செல்வங்களே" என்று ஆரம்பித்தார். "தன்னலமற்ற சேவையின் தலைவாசலில் நிற்கின்ற உங்களையெல்லாம்..."

"சார், அந்த ஸ்டூல்ல உக்காருங்க" என்றார் ஈவ்லின் மேடம்.

ஈவ்லின் மேடம் முப்பது வருஷம் பெரிய ஆஸ்பத்திரி வார்டுகளில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். பேசும் நோயாளிகளை அவருக்கு நன்றாகத் தெரியும். அரிகிருஷ்ணன் உட்கார்ந்தார்.

தாட்சாயணி கையைக் கழுவினாள். கஞ்சி போட்ட சட்டைக் கையை மடித்து மேலே தள்ளினாள். காப்பைக் கழற்றித் தட்டில் வைத்தாள். பிரஷர் பட்டையைக் கையில் சுற்றி, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டினாள். அது இரண்டு பேர் ஒரே சமயத்தில் கேட்கக்கூடிய இரட்டைக் குழாய் வைத்தது. மறுமுனை மேடத்தின் காதில். காற்றை ஏற்றி, மெதுவாக இறக்கினாள். கல்லாவில் சில்லறை எண்ணும்போது இருக்கும் அதே முகம்.

"சொல்லு."

"எண்பத்தாறு, அம்பத்தி நாலு, மேடம்."

பின்னால் யாரோ, "ஐயோ, ஆன்ட்டி தப்பாக் கேட்டுட்டாங்க" என்று கிசுகிசுத்தார்கள்.

திங்கட்கிழமைக் கல்லா தாட்சாயணியின் கண்முன்னால் திறந்து மூடியது. ஆனால் கேட்டது கேட்டதுதான். "எண்பத்தாறுதான் மேடம். நல்லாக் கேட்டேன்."

"எனக்கும் அதான் கேட்டுச்சு" என்றார் ஈவ்லின் மேடம். தாளைக் கையில் எடுத்தார். "நம்பர் சரி. ஆனா நீ எழுதியிருக்கற ஆளுக்கு இந்த நம்பர் வரக் கூடாது. நாலு இட்லி, காபி, எந்த மாத்திரையும் இல்ல. அப்புறம் எப்படி இவ்ளோ கம்மி? இதெல்லாம் இவர்கிட்ட கேட்டு எழுதினியா?"

தாட்சாயணி வாயைத் திறப்பதற்குள் அரிகிருஷ்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. 'கம்மி' என்ற சொல் அவர் குடும்பத்தில் யாரைப் பற்றியும் சொல்லப்பட்டதில்லை.

"அம்மையீர்!" என்று விருட்டென்று எழுந்தார். "எங்கள் வம்சத்திலே எதுவும் குறைவாக இருந்ததாக வரலாறே..."

வரலாறு அத்தோடு நின்றது. கண் மேலே போனது. கரை வேட்டி கட்டிய கம்பம் ஒன்று சாய்வதைப் போல மெதுவாகச் சாய்ந்தார்.

முப்பது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள். தாட்சாயணி கத்தவில்லை. பாய்ந்து தோளைப் பிடித்துத் தலை தரையில் படாமல் இறக்கினாள். படுக்க வைத்தாள். "சினேகா, ஸ்டூல்!" என்றாள். ஸ்டூலை இழுத்துக் கால் இரண்டையும் அதன்மேல் தூக்கி வைத்தாள். சட்டைக் கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினாள். மூச்சு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்தது. அடுத்து நோயாளியைப் பெயர் சொல்லி உரக்க அழைக்க வேண்டும். வகுப்பில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இருமல் வரவில்லை.

"அரிகிருஷ்ணன்!" என்று தோளைத் தட்டினாள். "அரிகிருஷ்ணன்! நான் பேசறது கேக்குதா?"

கீழே பிரியாணிக் கடையில் கரண்டிச் சத்தம் நின்றது என்று பிற்பாடு சினேகா சொன்னாள்.

மயக்கத்தின் ஏதோ ஓர் ஆழத்தில் கிடந்த அரிகிருஷ்ணனுக்கு, தலைவர், அண்ணன், சார் என்ற எந்த அலங்காரமும் இல்லாமல் தன் பெயர் கேட்டது. அதுவும் அந்தக் குரலில். கால் வழியாக இறங்கிய ரத்தம் வேலை செய்ததா, இந்த அதிர்ச்சி வேலை செய்ததா என்று மருத்துவ உலகம்தான் சொல்ல வேண்டும். கண்ணைத் திறந்துவிட்டார்.

"இன்னாடி... பேரச் சொல்லிக் கூப்புடற?"

"கேக்குது மேடம்" என்றாள் தாட்சாயணி. மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்தாள்.

பொத்தானைத் தளர்த்தியபோது சட்டைப் பையிலிருந்து நழுவிய மாத்திரை அட்டை ஒன்று தரையில் கிடந்தது. ஈவ்லின் மேடம் அதை எடுத்துப் பார்த்தார். பிரஷர் மாத்திரை. பாதி காலி.

"குப்புராஜோடது" என்றார் தரையில் கிடந்த குடும்பத் தலைவர், யாரும் கேட்பதற்கு முன்னால்.

பக்கத்து கிளினிக்கிலிருந்து டாக்டர் வந்தார். பார்த்தார். பயப்பட ஒன்றும் இல்லை, படுக்கட்டும், குடிக்கவும் சாப்பிடவும் ஏதாவது கொடுங்கள், வழக்கமாகப் பார்க்கும் டாக்டரை இன்றைக்கே போய்ப் பார்க்கட்டும் என்றார். வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் யார் என்று தாட்சாயணிக்குத் தெரியவில்லை. அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது.

பயிற்சிக் கட்டிலில் பொம்மையை எழுப்பி மூலையில் உட்கார வைத்துவிட்டு, அந்த இடத்தில் அரிகிருஷ்ணனைப் படுக்க வைத்தார்கள். சினேகாவின் டப்பாவிலிருந்து தயிர் சாதம் வந்தது. தலைவர் அதை மூன்று வாயில் முடித்தார்.

ஈவ்லின் மேடம் தாட்சாயணியைத் தனியாக அழைத்தார். "பிரஷர் பாத்தது ஃபுல் மார்க். விழுந்தப்ப நீ பண்ணது அதுக்கும் மேல. ஆனா விவரத் தாள் சைபர். கேக்காம எழுதியிருக்க. இதே தப்ப வார்டுல பண்ணா ஒரு உயிர் போயிடும். உன்ன அப்படியே திங்கக்கிழமை அனுப்ப முடியாது."

தாட்சாயணி தலைகுனிந்து நின்றாள். மேடம் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. காலித் தட்டைப் பார்த்து நான்கு இட்லி என்று எழுதியவள் அவள்தான்.

"அழாத. பேஷண்ட் இங்கதான் இருக்காரு. புதுத் தாள் எடு. மொதல்லேர்ந்து கேளு. நான் பக்கத்துல நிக்கறேன். அவர் உன் புருஷன்னு நெனச்ச, ஃபெயில்."

தாட்சாயணி ஸ்டூலைக் கட்டிலருகே போட்டு உட்கார்ந்தாள். வெள்ளைக் கோட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். கட்டிலைச் சுற்றி இழுத்துவிட்ட திரைக்குப் பின்னால் முப்பது ஜோடிக் காதுகள் நின்றன.

"வணக்கம் சார். உங்க பேரு?"

"விளையாடறியா?"

"பேரச் சொல்லுங்க சார்."

அரிகிருஷ்ணன் மேடத்தைப் பார்த்தார். மேடத்தின் முகத்தில் கருணை இல்லை. "அரிகிருஷ்ணன்."

"அரிகிருஷ்ணன் சார், உங்க வயசு?"

அரிகிருஷ்ணன் அவளுடைய பேனாவைப் பார்த்தார். "தப்பாச் சொன்னா மாத்திர அளவு தப்பாப் போயிடுமா?"

"போயிடும்" என்றார் மேடம்.

"அம்பத்தி ரெண்டு."

தாட்சாயணியின் பேனா நின்றது. "நாப்பத்தொம்பது."

"நான் கொறைக்கல. சித்தப்பா ஜாதகத்துல மூணு வருஷம் கொறச்சி எழுதிட்டாரு. பொண்ணு வூட்ல இருபத்தி நாலுக்கு மேல வேணாம்னாங்களாமே."

"அப்ப அறுபதாங் கல்யாணம் மூணு வருஷம் முன்னாடியே வருதா?" என்று மனைவி கேட்டாள். உடனே நர்ஸ் திரும்பி வந்தாள். "வயசு அம்பத்தி ரெண்டு. காலைல என்ன சாப்பிட்டீங்க சார்?"

"ஒண்ணும் இல்ல. டெஸ்ட்டுன்னா வெறும் வயிறுதானே? நாய்க்குப் போட்டுட்டேன்."

திரைக்குப் பின்னால் ஒரு சிரிப்பு வெடித்து, யாரோ வாயைப் பொத்தினார்கள்.

"மாத்திரை ஏதாவது எடுத்துக்கறீங்களா?"

"குப்புராஜோட..."

"சார்."

அவர் கூரையைப் பார்த்தார். மைக் இல்லாத தமிழும் அவருக்கு வரவில்லை. குரல் மிகவும் சின்னதாக வந்தது. "என்னுதுதான். தினம் ஒண்ணு. இன்னிக்கு நல்லா வரட்டும்னு மூணு போட்டேன்."

"எதுக்கு?"

"நீ ஊதிப் பாக்கச்சொல்ல ஏறிப்போச்சின்னா? முப்பது பொண்ணுங்க முன்னாடி, உன் புருஷனுக்கு பிரஷர்னு நீயே சத்தமாச் சொல்லுவ. எனக்குக் கேவலம். உனக்கும் கேவலம்." காப்பில்லாத மணிக்கட்டைத் தடவினார். "நீ பாஸ் ஆவணும்னுதான்டி போட்டேன்."

ஃபெயிலானால் கல்லா என்று ஒப்பந்தம் போட்ட மனிதர் இதைச் சொன்னார். சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது போலிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தாட்சாயணி எழுத வேண்டியதை எழுதாமல் கொஞ்ச நேரம் அவருடைய முதுகைப் பார்த்தாள். நெற்றித் திருமண் வேர்வையில் கரைந்து தலையணை உறையில் ஒட்டியிருந்தது.

"எப்பலேர்ந்து சாப்பிடறீங்க சார்?"

"பொங்கல்லேர்ந்து. கடையில தல சுத்திச்சி."

"வீட்ல யாருக்காவது தெரியுமா?"

இது மேடம் கொடுத்த தாளில் இல்லாத கேள்வி. மேடம் தடுக்கவில்லை.

"அனுப்பிரியாவுக்குத் தெரியும். அவதான் டாக்டராண்ட இட்டுகினு போச்சி. உங்கிட்ட சொல்லாதன்னு சத்தியம் வாங்கிக்கினேன். 'சரி, அப்ப நான் வேற வழி பாத்துக்கறேன்'னுச்சி." அரிகிருஷ்ணன் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இன்னா வழின்னு நான் கேக்கல."

தாட்சாயணி தாளில் பொங்கல் என்று எழுதினாள். பொங்கல் முடிந்து பத்துப் பதினைந்து நாள் இருக்கும். அனுப்பிரியா ஆபீஸிலிருந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல், இந்தப் பள்ளி விண்ணப்பத்தை நீட்டினாள். "இது உன் கனவும்மா. எனக்குத் தெரியும்" என்றாள். அந்த வார்த்தைக்காகத் தாட்சாயணி சமையலறையில் தனியாகக் கொஞ்சம் அழுதும் இருந்தாள். மகள் சொன்ன வேறு வழி இதுதானா?

ஈவ்லின் மேடம் தாளை வாங்கினார். மேலிருந்து கீழ்வரை படித்தார். கையெழுத்துப் போட்டார். "இப்பத்தான் ஒரு நர்ஸ் எழுதின மாதிரி இருக்கு. திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு வார்டு. ஷூ வெள்ளையா இருக்கணும்."

திரை விலகியது. முப்பது பேரும் கைதட்டினார்கள். சினேகா கட்டிப் பிடித்துக்கொண்டாள். கட்டிலில் கிடந்த அரிகிருஷ்ணனும், யாருக்குக் கைதட்டுகிறார்கள் என்று நிச்சயமாகத் தெரியாததால், கையை உயர்த்திப் பொதுவாக ஒரு கும்பிடு போட்டு வைத்தார்.

தாட்சாயணியின் செல்போன் அடித்தது. அனுப்பிரியா.

"அம்மா! என்னாச்சு? பாஸா? அப்பா நல்லா இருக்காரா?"

முதலில் பாஸா என்று கேட்டாள். மூச்சு விடாமல் அடுத்ததாக அப்பா. எது உண்மையான கேள்வி என்று தாட்சாயணிக்குத் தெரியவில்லை. காலையில் என்றால் தெரிந்ததாக நினைத்து, தானே எழுதிக்கொண்டிருப்பாள்.

"பாஸ். அப்பா தயிர் சாதம் சாப்ட்டாரு" என்றாள். "நீ சாயங்காலம் சீக்கிரம் வந்துடு."

"ஏம்மா?"

தாட்சாயணி மேஜையிலிருந்து எழுதாத தாள் ஒன்றை எடுத்து, நான்காக மடித்து, கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"உங்கிட்டயும் கொஞ்சம் கேட்டு எழுத வேண்டியிருக்கு."